மயிலாத்தாள் உட்கார்ந்த காரணம்

நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோயமுத்தூரில் இரண்டு சரக்குகள் ஏராளமாக உற்பத்தியாயின. ஒன்று நூல், மற்றொன்று சபை. நூலுக்காவது பஞ்சு வேண்டும். சபைக்கு அதுவும் வேண்டியதில்லை. தலைமை வகிக்க ஓர் அக்கிராசனரும் கொஞ்சம் நாற்காலிகளும் இருந்தால் போதும்.

ராவ்பகதூர் பொங்கியண்ணன் கணபதிப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு முதலாளி. பல சபைகளுக்கு அக்கிராசனர். 1937-ஆம் வருஷம் அவர் புதிதாகத் தொடங்கிவைத்தது மனித சுபாவ சாஸ்திர சபை. மனிதன் ஏன் திருடுகிறான், ஏன் குடிக்கிறான், ஏன் எதிர்த்துப் பேசுகிறான் என்பதையெல்லாம் அவனைக் கேட்காமல் அவன் உடம்பைச் சோதித்தே கண்டுபிடித்துவிடலாம் என்பது சபையின் கொள்கை. வாசலில் ‘உடம்பே ஊழ்’ என்று பித்தளைப் பலகை மாட்டியிருந்தது. சபையின் காரியதரிசி டாக்டர் வெங்கடபதி சீமையில் கொஞ்ச காலம் இருந்தவர். நாம் செய்கிற காரியம் அத்தனையும் ரத்தத்திலும் நரம்பிலும் சுரப்பிகளிலும் பிறக்கும்போதே முடிவாகிவிடுகிறது என்று அங்கே தெரிந்துகொண்டு வந்திருந்தார். இதை நம்மூரில் தலையெழுத்து என்பார்கள். டாக்டர் அந்தத் தலையை அளப்பதற்கு இடுக்கி மாதிரி ஒரு கருவியும் கொண்டுவந்திருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

சபைக்குக் கட்டடம் இருந்தது. நிலம்பூர்த் தேக்கில் செய்த நாற்காலிகள் இருந்தன. சோதிப்பதற்கு மனிதர்தான் கிடைக்கவில்லை. அங்கத்தினர் எல்லாரும் கௌரவமானவர்கள். அவர்களுடைய சுபாவத்தைச் சோதிக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மயிலாத்தாள் உட்கார்ந்தாள்.

அவள் ராவ்பகதூரின் மில்லில், நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங் பகுதியில் வேலை செய்தாள். அது நின்றுகொண்டே செய்யவேண்டிய வேலை. காலைச் சங்குக்கு நின்றால், நடுவில் சோற்று வேளை போக, சாயங்காலச் சங்குக்குத்தான் காலை மடக்கலாம். மயிலாத்தாளுக்கு ஏழாவது மாதம். கால் வீங்கி, மிஞ்சி விரலுக்குள் புதைந்திருந்தது. அன்று பிற்பகல் கண்ணை இருட்டிக்கொண்டு வரவே, நூற்கட்டை போடுகிற பாபின் கூடை ஒன்று காலியாகக் கிடந்ததைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

ஏழாவது மாதம் என்பது மில்லில் தெரியக்கூடாத சங்கதி. பிள்ளை பெறும் தொழிலாளிப் பெண்ணுக்கு முதலாளி உதவிப் பணம் கொடுக்கவேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. ராவ்பகதூர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். வேலையில் இருப்பவளுக்குத்தானே கொடுக்கவேண்டும் என்று யோசித்து, வயிறு தெரிந்த பெண்ணை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடும்படி சொல்லியிருந்தார். அதனால் மயிலாத்தாள் சேலையைத் தளர்த்திக் கட்டி, முந்தானையை முன்னால் வழியவிட்டிருந்தாள். ரீலிங்கில் இருந்த பெண்கள் எல்லாருக்கும் விஷயம் தெரியும். மேஸ்திரி காளிச்சாமிக்கும் தெரியும். தெரிந்துமா இத்தனை மாதம் வைத்திருந்தாய் என்று தன்னைக் கேட்பார்களே என்பதற்காக அவர் தெரியாதவராக இருந்தார்.

அவள் உட்கார்ந்த நேரம் பார்த்து ராவ்பகதூரும் டாக்டர் வெங்கடபதியும் உள்ளே வந்தார்கள். வேறு வருஷமாக இருந்தால் ஓர் அபராதத்தோடு போயிருக்கும். அந்த வருஷம் ஊரில் அங்கங்கே மில் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு, வெளியே போகாமல், இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளத் தொடங்கியிருந்தார்கள். யார் உட்கார்ந்தாலும் ராவ்பகதூருக்கு அது வேலைநிறுத்தமாகவே தெரிந்தது.

இவள் ஏன் உட்கார்ந்தாள் என்று அவர் கேட்டார். சோம்பேறித்தனம் என்று காளிச்சாமி சொல்லிப் பார்த்தார். டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. சோம்பல் என்பது பாமரர் வார்த்தை என்றார். நிற்கவேண்டிய இடத்தில் ஒருத்தி உட்காருகிறாள் என்றால் அவளுடைய சுரப்பியில் ஏதோ இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துவிட்டால் வேலைநிறுத்தம் என்பதையே ஊசி போட்டுக் குணப்படுத்திவிடலாம் என்றார். ராவ்பகதூர் அப்போதுதான் முதல் தடவையாக மயிலாத்தாளின் முகத்தைப் பார்த்தார்.

மறுநாள் காளிச்சாமி அவளைச் சபைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

“உனக்கு நல்ல நேரம் அம்மணி. வெளிய அனுப்பாம ஆராய்ச்சிக்கு அனுப்பறாங்க” என்றார்.

ஆராய்ச்சி என்றால் என்ன என்று அவள் கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை. ஆனால் கூலியைப் பிடிக்கமாட்டார்கள் என்றார்.

சோதனை அறையில் சுவரோரமாக நாற்காலிகள் வரிசையாக இருந்தன. மயிலாத்தாள் நின்றாள். உட்காரும் சுபாவமுள்ளவளை உட்காரவிட்டால் சோதனை கெட்டுப்போகும் என்பது டாக்டரின் உத்தரவு. அவரும் ராவ்பகதூரும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்கள்.

“ஏன் உட்கார்ந்தாய்?” என்று டாக்டர் கேட்டார்.

“காலு நோவுதுங்க சாமி.”

“அது நீ நினைக்கிற காரணம். உண்மையான காரணம் உனக்குத் தெரியாது.”

உண்மையான காரணம் அந்தச் சமயம் உள்ளேயிருந்து ஓர் உதை உதைத்தது. அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

டாக்டர் கருவியை எடுத்து அவள் மண்டையை அளந்தார். பிறகு காதை, முழங்காலை, குதிகாலை. நாக்கை நீட்டச் சொன்னார். ஒரு முக்காலியை எதிரே கொண்டுவந்து வைத்து, அவள் பார்வை அதன்மேல் போகிறதா என்று கவனித்தார். போயிற்று. கண்ணில் ஆசனத் தாகம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். பாதம் பருத்தது, தரையை நாடும் தன்மை என்று எழுதினார். வயிறு முன்தள்ளியிருக்கிறது என்று எழுதிவிட்டுச் சற்று நிறுத்தினார். மயிலாத்தாள் மூச்சை அடக்கிக்கொண்டாள். வாசற்படியில் நின்ற காளிச்சாமி கூரையைப் பார்த்தார்.

“உட்கார்ந்தே காலம் கழிக்கும் வம்சத்தாருக்கு உண்டாகும் தொந்தி” என்று டாக்டர் முடித்தார்.

ராவ்பகதூர் தம்முடைய வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அது ஐசுவரியத் தொந்தி, வேறு வகை என்று டாக்டர் உடனே சமாதானம் சொன்னார்.

வம்சம் என்ற வார்த்தை வாயிலிருந்து வந்துவிட்டதால் வம்சத்தையும் போய்ப் பார்க்கவேண்டியதாயிற்று. மயிலாத்தாளின் தாய் பாவாத்தாள் சோமனூருக்கு அந்தப் பக்கத்துச் சேரிக்காரி, ஒரு தோட்டத்தில் பண்ணையத்து ஆள். சபையின் மோட்டார் புறப்பட்டது. அடையாளம் காட்ட மயிலாத்தாளும் போகவேண்டியிருந்தது. மோட்டாருக்குள் நிற்க இடமில்லை, அவளோ உட்காரக்கூடாதவள். ஆகையால் வெளியே படிப்பலகையில் நின்று கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். தொந்தி குலுங்குகிறது என்று டாக்டர் குறித்துக்கொண்டார்.

சோமனூரில் நெசவாளர்கள் குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வீடு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் மோட்டாரை மெதுவாக விடச் சொல்லி இரண்டு பக்கமும் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. “ஊரே” என்றார். குறிப்புப் புத்தகத்தில் ஒரு புதுப் பக்கம் திருப்பினார்.

பாவாத்தாள் பருத்திக் காட்டில் குந்திக் களை கொத்திக்கொண்டிருந்தாள். இப்படி எத்தனை காலமாக உட்கார்ந்திருக்கிறாய் என்று டாக்டர் வரப்பில் நின்றபடி கேட்டார். சின்னப் பிள்ளையிலிருந்து என்றாள். உன் தாய் என்று கேட்டார். அவளும் அப்படித்தான் என்றாள். நின்றுகொண்டு ஏன் களை எடுக்கக்கூடாது என்று கேட்டார். பாவாத்தாள் மகளைப் பார்த்தாள். மகள் மண்ணைப் பார்த்தாள்.

“களை கீழதானுங்க மொளைக்குது” என்று பாவாத்தாள் மரியாதையாகச் சொன்னாள்.

அவள் புருஷனைப் பற்றி விசாரித்தார். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று என்றும், அந்த மேட்டில்தான் படுத்திருக்கிறார் என்றும் அவள் கைகாட்டினாள். தாய் வழியில் உட்காருதல், தந்தை வழியில் படுத்தல் என்று பதிவாயிற்று.

மோட்டாரைத் திருப்புகிற நேரத்தில் பாவாத்தாள் மகள் கிட்டே வந்து, முந்தானைக்கு மேலேயே கையை வைத்துப் பார்த்துவிட்டு, அந்த மில் வேண்டாம், இங்கேயே இருந்துவிடு என்று மெல்லக் கெஞ்சினாள். பிறக்கிற நாளில் வேலையில் இருந்தால் உதவிப் பணம் உண்டு, அது வந்தால் ஒரு மாதமாவது பிள்ளையை அணைத்துக்கொண்டு படுத்திருக்கலாம், அதுவரைக்கும் நின்றுவிடுகிறேன் என்று மயிலாத்தாள் சொன்னாள். பிள்ளை பெற்று ஒரு மாதம் படுத்திருந்தவளைப் பாவாத்தாள் அதுவரை கண்டதில்லை. களைக்கொத்தை எடுத்துக்கொண்டாள்.

வியாதி தெரிந்துவிட்டது. மருந்துதான் பாக்கி. நின்றுகொண்டே தூங்குகிற பிராணி குதிரை என்பதால், நிற்கும் குணம் அதன் சுரப்பியில்தான் இருக்கவேண்டும் என்று டாக்டர் தீர்மானித்தார். செத்துப்போன ஒரு ஜட்காக் குதிரையிலிருந்து சாறு எடுத்து, வாரந்தோறும் மயிலாத்தாளின் தோளில் ஊசி போட்டார். ஊசி போட்ட நாளெல்லாம் அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. அவள் புருஷன் மருதாசலம் பஞ்சுக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். அந்தக் குதிரை எதனால் செத்தது என்று ஜட்கா ஸ்டாண்டில் விசாரித்துவிட்டு வந்தான். ஓய்வே கொடுக்காமல் ஓட்டினார்களாம். ஒரு நாள் திருச்சி ரோட்டில் படுத்ததாம், அப்புறம் எழுந்திருக்கவில்லையாம்.

“நாளைக்கே போயி மாசமா இருக்கறாள்னு சொல்லிப்போடறேன்” என்றான்.

“சொன்னீங்கன்னா அன்னைக்கே வெளிய தள்ளிருவாங்க. இத்தன நாளு நின்னதெல்லாம் வீணாப் போயிருமுங்க.”

“அந்த ஊசி உள்ள இருக்கறதுக்கும் ஏறுமே மயிலா.”

அவளுக்கு அது தெரியாமல் இல்லை. எத்தனையோ தரம் தோளை இழுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்று நினைத்தவள்தான். ஓடினால் எங்கே போய் நிற்பது என்பதுதான் தெரியவில்லை. 

ரீலிங் பெண்கள் அவளை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் நெருங்கி நின்றார்கள். அவள் ஒரு நேரம் இவள் தோளிலும் ஒரு நேரம் அவள் தோளிலும் சாய்ந்துகொண்டே வேலை செய்தாள். மந்தையாகச் சேர்ந்து நிற்பது குதிரையின் குணம், மருந்து வேலை செய்கிறது என்று டாக்டர் ராவ்பகதூருக்கு எழுதினார். அவள் வயிறு இன்னும் பெருத்தது. அதுவும் மருந்து உடம்பில் பிடித்ததற்கு அடையாளம் என்றார். சபையின் வருஷாந்திரக் கூட்டத்தில் அவளை மேடையேற்றி நிற்கவைப்பது, கூட்டம் முடிகிறவரை உட்காராமல் நின்றுவிட்டால் குணமானவள் என்று அத்தாட்சி கொடுத்து வேலையை நிரந்தரமாக்குவது என்று சபை முடிவு செய்தது. நிரந்தரம் என்ற வார்த்தையைக் கேட்டதும் மயிலாத்தாள் சரியென்று தலையாட்டினாள்.

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் பிரமுகர்களுக்கு வரிசையாக நாற்காலிகள். வருவதாகச் சொல்லி வராமல்போன ஒரு பெரிய அதிகாரியின் நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. ஓரத்தில், மரச்சட்டத்தில் மாட்டிய ஒரு குதிரைப் படத்துக்குப் பக்கத்தில், மயிலாத்தாள் நின்றாள். அவளுக்குக் காலையிலிருந்தே இடுப்பு வலித்துக்கொண்டிருந்தது.

ராவ்பகதூர் அக்கிராசனம் வகித்து, உட்கார்ந்தபடியே பேசினார்.

“மகாஜனங்களே, நான் பொழுது விடிந்தது முதல் அடைகிற வரைக்கும் உட்கார்ந்துதானே இருக்கிறேன் என்று சிலர் பேசிக்கொள்கிறார்களாம். தமிழ் தெரிந்தவர்கள் யோசித்துப் பாருங்கள். ராஜா வீற்றிருக்கிறார். நம்மைப் போன்றவர்கள் அமருகிறோம். கூலிக்காரன் குந்துகிறான். எல்லாம் ஒரே காரியமென்றால் பாஷை எதற்காக மூன்று வார்த்தை வைத்திருக்கிறது? நாம் அமருவது பொறுப்பினால். அவர்கள் குந்துவது ரத்தத்தினால். நான் ஒரு நாள் அமராவிட்டால் மில் ஓடாது. அவர்கள் ஒரு நாள் குந்திவிட்டால்...” இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறித் தண்ணீர் குடித்தார். “அப்போதும் மில் ஓடாது. அதற்காகத்தான் இந்த ஆராய்ச்சி.”

எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்து டாக்டர் எழுந்து, ஒரு பிரம்பால் மயிலாத்தாளைச் சுட்டிக்காட்டி, அவளுடைய தாய் உட்கார்ந்ததையும் தகப்பன் படுத்ததையும் சோமனூர் முழுவதும் உட்கார்ந்திருப்பதையும் விஸ்தாரமாகச் சொன்னார். இத்தனை நேரம் நிற்கிறாள், குதிரைகூட இந்நேரம் காலை மாற்றி வைத்திருக்கும் என்றார். அதற்கும் கைதட்டினார்கள். மயிலாத்தாள் குதிரைப் படத்தின் சட்டத்தைப் பற்றிக்கொண்டாள். வலி வந்தபோது கடைவாய்ப் பல்லைக் கடித்தாள். விட்டபோது அடுத்துப் பேச இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நாற்காலிகளைப் பார்த்தாள்.

கூட்டத்தைப் படம் பிடிக்க நாகூர் மீரான் என்ற போட்டோக்காரரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஊரில் சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருந்தவர். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்த மேடையை அவர் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் நின்ற பெண்ணின் காலடியிலிருந்து ஈரம் பரவுவது அதில் தெரிந்தது. துணியை விலக்கிவிட்டு நேரே பார்த்தார். பிறகு யாரையும் கேட்காமல் மேடையேறி, அதிகாரிக்குப் போட்டிருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அவளுக்குப் பின்னால் வைத்தார்.

“உக்காரும்மா. பனிக்குடம் ஒடைஞ்சிருச்சு” என்றார்.

 உட்காரவைக்காதே, ஆராய்ச்சி கெட்டுவிடும் என்று டாக்டர் பிரம்பை நீட்டினார். மயிலாத்தாள் நாற்காலியைப் பார்த்தாள். பிறகு பிரமுகர்களைப் பார்த்தாள்.

“உக்காந்தா வேலை போயிருமுங்களா சாமி?”

பிரமுகர்கள் ராவ்பகதூரைப் பார்த்தார்கள், ராவ்பகதூர் டாக்டரைப் பார்த்தார். அதற்குள் அவள் கால் மடிந்துவிட்டது. நாற்காலியில் ஆள் விழுந்த சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

டிபன் செய்ய வந்திருந்த பெண்களும் மண்டபம் கூட்டுகிறவளும் ஓடிவந்து அவளை மேடைத் திரைக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு போனார்கள். தவிர்க்க முடியாத காரணத்தால் சிறிது இடைவேளை என்று ராவ்பகதூர் அறிவித்தார். அங்கத்தினர் உப்புமாவும் காப்பியும் சாப்பிட்டார்கள். சட்டினியில் காரம் அதிகம் என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். திரைக்குப் பின்னாலிருந்து அலறல் கேட்டபோது பேச்சைக் கொஞ்சம் உரக்கப் பேசினார்கள்.

பெண் குழந்தை பிறந்தது. இளைத்துப்போய், ஒரு கைப்பிடி இருந்தது, ஆனால் அழுதது. அந்த அழுகையைக் கேட்டுத்தான் டாக்டர் உள்ளே வந்தார். பின்னோடு காளிச்சாமியும் வந்தார். டாக்டர் தாயைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். தொந்தி இருந்த இடத்தைப் பார்த்தார். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டார். காளிச்சாமி மறுபடியும் கூரையைப் பார்த்தார். சாஸ்திரம் தெரிந்தவர் வெகுநேரம் கலங்கி நிற்கமாட்டார். மூன்றாம் தலைமுறை பிறந்த சூட்டோடு கையில் கிடைத்திருக்கிறது, இந்த மாதிரி வாய்ப்பு சீமையில்கூட யாருக்கும் கிடைக்காது என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து கருவியை எடுத்து, குழந்தையின் தலையை நோக்கிக் குனிந்தார்.

“தொடாத” என்றாள் மயிலாத்தாள்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ‘ங்க’ போடவில்லை, ‘சாமி’ போடவில்லை. டாக்டரின் கை அப்படியே நின்றது. காளிச்சாமி, தொடாதீங்கன்னு சொல்லு அம்மணி, ஒரு தடவ சொல்லிப்போடு என்று கும்பிட்டுக் கெஞ்சினார். அவள் பிள்ளையைச் சேலைக்குள் இழுத்து மூடிக்கொண்டு, டாக்டரின் கண்ணைப் பார்த்து, மறுபடியும் அதையே சொன்னாள்.

மில் அவளை நீக்கிவிட்டது. பிள்ளை பெற்றதற்காக நீக்குவது சட்டப்படி தப்பு. உட்கார்ந்ததற்காக நீக்கினால் சபையின் வைத்தியம் தோற்றதாக ஆகிவிடும். எனவே மரியாதைக் குறைவுக்காக நீக்கினார்கள். உதவிப் பணமும் இல்லையென்று ஆயிற்று. நீக்கிய உத்தரவில் பிரசவத்துக்கு முந்தின நாள் தேதி போட்டிருந்தது. மறுநாள் பேசின பேச்சுக்கு முந்தின நாளே எப்படி நீக்கலாம் என்று மருதாசலம் போய்க் கேட்டான். அந்தப் பேச்சு பிறக்கும்போதே அவள் ரத்தத்தில் இருந்துவிட்டது, உண்மையில் இன்னும் முந்தியே நீக்கியிருக்கவேண்டும் என்று டாக்டர் விளக்கம் கொடுத்தார். கோயமுத்தூரில் கூலிக்காரர் வாயில் ‘ங்க’ ஏன் குறைந்துவருகிறது என்ற புதிய ஆராய்ச்சிக்குச் சபையார் பணம் ஒதுக்கினார்கள்.

மயிலாத்தாளும் மருதாசலமும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாவாத்தாள் இருந்த தோட்டத்துக்கே போய்விட்டார்கள். படுத்திருக்க நாள் கிடைக்கவில்லை. வேலமரத்தில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு, தாய்க்குப் பக்கத்தில் குந்திக் களை கொத்தினாள்.

அடுத்த வருஷம் போய் அதற்கடுத்த வருஷம், ஒரு வெயில் நேரத்தில், காளிச்சாமி அங்கே வந்து சேர்ந்தார். சபை அவரைத் தகவல் சேகரிக்கிற ஆளாக்கியிருந்தது. ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்த களைப்பில் வரப்பில் குந்திவிட்டார். மயிலாத்தாள் செம்பில் தண்ணீர் மொண்டு அவர் பக்கத்தில் வைத்தாள். தீண்டக்கூடாத சாதி வீட்டுத் தண்ணீர் என்று ஒரு கணம் தயங்கினார். பிறகு எடுத்துக் குடித்தார். உன் பிள்ளை நிற்கிறதா என்று பார்த்துவரச் சொன்னார்கள் என்றார். நிற்கும் குணமுள்ள பிள்ளைகளை இப்போதிருந்தே பொறுக்கி மில்லுக்கென்று எழுதிவைக்கப் போகிறார்களாம். பத்துப் பன்னிரண்டு வயதானதும் ஆள் அனுப்பிக் கூட்டிக்கொள்வார்களாம். அதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவருக்கு எதிரிலேயே அந்தப் பிள்ளை பருத்திச் செடிகளுக்கு நடுவே ஒரு வெள்ளாட்டுக் குட்டியைத் துரத்திக்கொண்டு ஓடியது. விழுந்தது, எழுந்து மறுபடியும் ஓடியது.

“என்னன்னு எழுதட்டும் அம்மணி? கண்ணு முன்னால ஓடுதே” என்றார்.

“ஓடறாளுங்க” என்றாள் மயிலாத்தாள். “நிக்கறதில்லீங்க.”

 காளிச்சாமி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, மூன்றாம் தலைமுறையும் நிற்பதில்லை என்று எழுதிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி எழுந்து ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார்.